பன்னிரண்டு என்றால் பத்து

அத்தை எந்த எண்ணைச் சொன்னாலும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வாள். வீட்டுக்கு ஆறு பேர் வருகிறார்கள் என்றால் எட்டுப் பேர் என்பாள். ஜன்னல் திரைக்கு நாலு மீட்டர் துணி போதும் என்றால் ஐந்து வாங்கி வரச் சொல்வாள். அண்ணன் மகளுக்குக் காய்ச்சல் வந்து தெர்மாமீட்டர் நூற்றைக் காட்டினால், டாக்டரிடம் போனில் நூற்றிரண்டு என்று சொல்லிவிட்டு, போனை வைத்ததும், "நூறுன்னா அவர் படுத்துக்கிட்டே மாத்திரை பேரு சொல்வாரு. நூத்திரண்டுன்னாதான் எழுந்து உட்காருவாரு" என்பாள்.

வீட்டில் எல்லோரும் கழித்துக் கேட்கப் பழகிவிட்டார்கள். "உங்க அத்தை சொன்னதுல ரெண்டைத் தள்ளிட்டு மிச்சத்தை நம்பு" என்று அப்பா மகளிடம் சொல்வார். அவர் வீடு வீடாகத் தண்ணீர் கேன் போடுகிறவர். எண்ணிக்கை ஒன்று பிசகினாலும் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அப்படிப்பட்ட மனிதருக்கு இப்படி ஒரு தங்கை. "ரெண்டு நிமிஷத்துல வர்றேன்" என்று அத்தை சொல்வது மட்டும் எந்தக் கழித்தலுக்கும் அடங்காது. அது முக்கால் மணி நேரம்.

அண்ணன் மகளுக்கு வீட்டில் பெயர் டிகிரி. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் என்பதால் வந்த பெயர். அது பாராட்டா கேலியா என்று அவளுக்கே இன்னும் பிடிபடவில்லை. ஏதாவது ஃபாரம் வந்தால் "டிகிரியைக் கூப்பிடு" என்பார்கள். பல்பு ஃபியூஸ் போனாலும் "டிகிரியைக் கூப்பிடு" என்பார்கள். நாலு வருஷம் படித்ததில் எந்த வருஷத்துப் பாடத்தில் பல்பு வருகிறது என்று அவள் கேட்டுப் பார்த்தாள். பதிலாக ஸ்டூல்தான் வந்தது.

அத்தை கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் வீட்டு மாடியறையிலேயே இருந்தாள். காரணம் கேட்டவர்களிடம், "ஒரு வீட்டுக்குள்ள போய் அடைஞ்சுட்டா மத்தவங்க வீட்டையெல்லாம் யாரு வரையறது?" என்பாள். வீட்டு பிளான் வரைவதுதான் தொழில். பத்தாவது முடித்ததும் ஓர் இன்ஜினியரின் அலுவலகத்தில் டிரேசிங் பேப்பரில் மை தீட்டச் சேர்ந்தாள். பதினான்கு வருஷம் பிறர் போட்ட கோட்டின் மேலேயே கோடு போட்டுவிட்டு, ஒருநாள் வரைவாளர் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கினாள். மூன்று மாடி வரைக்கும் பிளானில் அவள் கையெழுத்துச் செல்லும்.

கடை, மாநகராட்சி அலுவலகத்துக்கு எதிர்வரிசையில், ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. குனியாமல் நுழைகிறவர்களுக்கு ஏழாவது படி நெற்றியில் முத்தம் கொடுக்கும். அத்தை தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே "தலை!" என்று எச்சரிப்பாள். அது எப்போதும் இடித்த பிறகுதான் வரும். இடித்துக்கொண்டவர்களுக்கு ஒரு டீ உண்டு. டீக்காகவே இடித்துக்கொள்கிறவர்களும் இருந்தார்கள்.

டிகிரிக்கு மாநகராட்சியில் வேலை கிடைத்த வருஷம்தான் அந்த விதி வந்தது. இனி நகரத்துக்குள் புதிதாக எழும்பும் எந்தக் கட்டடமும், அதற்கு வாங்குகிற சிமெண்டும் கம்பியும் செங்கல்லும் ஆலையிலும் சூளையிலும் எவ்வளவு கரியமில வாயுவைக் கக்கின என்று கணக்குக் காட்ட வேண்டும். சதுர மீட்டருக்கு முந்நூற்று இருபது கிலோ வரை அனுமதி. அதைத் தாண்டினால் பிளான் திரும்பி வரும். இதைச் சரிபார்க்க மூன்றாவது மாடியில் ஒரு பிரிவு திறந்தார்கள். மூன்று மேஜை, இரண்டு கம்ப்யூட்டர். பிரிவு அலுவலருக்குக் 'கமா' என்று பட்டப்பெயர். எந்தக் கடிதம் போனாலும் ஒரு கமாவைச் சேர்த்தோ எடுத்தோதான் திருப்பித் தருவார்.

விதி வந்த இரண்டாம் மாதம், பக்கத்து மேஜைக்காரர் ஒரு ஃபைலைப் பிரித்து வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "இதைக் கேளுங்க, இதைக் கேளுங்க!"

ஃபாரத்தில் 'கரிம வெளியேற்ற அளவு' என்று அச்சாகியிருக்க வேண்டிய இடம் குறுகலாக இருந்ததால், அச்சகத்தார் 'கரி. அளவு' என்று சுருக்கிவிட்டிருந்தார்கள். அந்தக் கட்டத்துக்கு எதிரே அழகான எழுத்தில் இப்படி இருந்தது: 'இவ்விடத்தில் கரி உபயோகம் கிடையாது. சமையலுக்கு எரிவாயு மட்டும்.'

அறையே சிரித்தது. டிகிரியும் வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே எட்டிப் பார்த்தவள் அந்த 'யு'வின் வாலைப் பார்த்தாள். மாடியறைச் சுவரில் மாட்டியிருக்கும் காலண்டரில், சமையல் எரிவாயு தீர்ந்த தேதிக்கு எதிரே, மாதாமாதம் அவள் பார்க்கிற அதே வால். சிரிப்பு பாதியில் நின்றது. ஆனால் 'இது எங்க அத்தை' என்று சொல்ல வாய் வரவில்லை. அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடந்து போகும்போது, தான் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று யோசித்துக்கொண்டே போனாள். அவள் கண்டுபிடித்த காரணம் எதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

அந்த ஃபைல் ஒன்பது குடும்பங்களுடையது. பஸ் டிப்போவில் வண்டி கழுவுகிறவர்கள். டிப்போவுக்குப் பின்னால் வரிசை வீட்டில் இருந்தார்கள். கூரை பெயர்ந்து விழுந்துகொண்டிருந்தது. மழைக்கு முன்னால் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வந்திருந்தது. மாநகராட்சி மாற்று மனை கொடுத்திருந்தது, ஒரு நிபந்தனையோடு: மாதக் கடைசிக்குள் கட்டட அனுமதி வாங்காவிட்டால் மனை அடுத்த மனுதாரருக்குப் போய்விடும். மீதி இருந்தது பத்தொன்பது நாள்.

மறுநாள் காலை, திருப்பி அனுப்பப்பட்ட ஃபைலும் கையுமாக அத்தை மூன்றாவது மாடிக்கு ஏறி வந்தாள். கவுண்டர் முன்னால் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவள், உள்ளே பார்த்ததும், "ஏ டிகிரி!" என்று கூவினாள்.

அறை திரும்பிப் பார்த்தது. பக்கத்து மேஜைக்காரர் டிகிரியின் முகத்தையும் ஃபைலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?" என்றார் கமா.

"என் அத்தை, சார்."

"சும்மா அத்தை இல்ல சார். தூக்கி வளர்த்தவ. பதினஞ்சு கிலோ இருப்பா அப்பவே" என்றாள் அத்தை.

"பன்னெண்டு" என்று டிகிரி வாய்க்குள் முணுமுணுத்தாள்.

அத்தை ஃபாரத்தைக் கவுண்டரில் விரித்து விரலால் தட்டினாள். "இதுக்குத்தானே திருப்பினீங்க? அடுப்புக் கரின்னா அடுப்புக் கரின்னு போடுங்க. வாயுன்னா வாயுன்னு போடுங்க. பாதி வார்த்தையைப் போட்டு ஒரு புள்ளியும் வச்சுட்டா, மீதியை நான் எந்தத் தெருவுல போய்த் தேடறது?"

கமா கண்ணாடியை இறக்கி அந்தப் புள்ளியை நெடுநேரம் பார்த்தார். "இந்தம்மா சொல்றதுதான் சரி. இது புள்ளி வைக்கிற இடமே இல்ல" என்றார். அந்த வாரமே ஃபாரம் புதிதாக அச்சாகி வந்தது. ஆனால் டிகிரியைத் தனியாகக் கூப்பிட்டு, "அத்தைன்னு நேத்தே சொல்லியிருக்கணும்மா" என்றார். "இந்த ஃபைல்ல நீங்க கையெழுத்துப் போடக்கூடாது. நான் போடறேன். கணக்கு எப்படிப் போடறதுன்னு வர்றவங்க எல்லாருக்கும் சொல்லித் தர்றோம். உங்க அத்தைங்கறதுக்காக அவங்களுக்கு மட்டும் சொல்லாம இருக்க வேண்டாம்."

ஞாயிற்றுக்கிழமை காலை, மாடியறையில் பிளானை விரித்து நாலு மூலையிலும் நாலு டம்ளரை வைத்துவிட்டு இருவரும் உட்கார்ந்தார்கள். மூன்று மாடி, மாடிக்கு மூன்று வீடு, மொத்தம் ஐந்நூற்று நாற்பது சதுர மீட்டர். அத்தை படிக்கப் படிக்க டிகிரி தட்டினாள். கம்பி இத்தனை, சிமெண்ட் இத்தனை மூட்டை, செங்கல் இத்தனை. முடிவில் முந்நூற்று எழுபத்தொன்று வந்தது.

"கழிச்சுப் பார்த்தியா?" என்றாள் அத்தை.

"கம்ப்யூட்டருக்கு உங்களைத் தெரியாது அத்தை. அது கழிக்காது."

டிகிரி மறுபடி பிளானைப் பார்த்தாள். இன்ஜினியர் கொடுத்த கணக்குத் தாளையும் பார்த்தாள். உத்திரத்துக்குப் பத்துக் கம்பி என்றது அவருடைய தாள். அத்தையின் பிளானில் பன்னிரண்டு. அவர் ஏழு மூட்டை என்ற இடத்தில் அத்தை எட்டு. எல்லா இடத்திலும் அப்படியே.

"இது என்ன அத்தை?"

அத்தை ஒரு டம்ளரை எடுத்து, தாள் சுருண்டதும் மறுபடி வைத்தாள். பிறகு சொன்னாள். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. இன்ஜினியர் போட்ட ஒரு சன்ஷேடை டிரேஸ் செய்து கொடுத்திருந்தாள். பிளானில் ஆறு கம்பி. ஒரு மழைநாளில் அது உடைந்து, கீழே நின்ற ஸ்கூட்டர் மேல் விழுந்தது. ஸ்கூட்டர்காரர் தீப்பெட்டி வாங்க ரோட்டைத் தாண்டிப் போயிருந்தார். "நான் போய்ப் பார்த்தேன். சுவத்துலேருந்து கம்பி நீட்டிக்கிட்டு நின்னுது. எண்ணினேன். நாலு."

"அதனால?"

"அதனால, ரெண்டைக் கட்டறவன் எடுத்துக்கட்டும்னு ரெண்டு கூட்டிப் போடறேன். அவன் எடுத்த பிறகும் வீடு நிக்கணும்ல?"

"இப்ப அந்த ரெண்டுதான் அத்தை இந்த வீட்டையே விழ வைக்குது."

பத்தும் ஏழும் போட்டுத் தட்டினால் முந்நூற்று முப்பத்துநாலு வந்தது. வரம்பு பக்கத்தில் வந்துவிட்டது. ஆனால் அத்தை பென்சிலைத் தொடவில்லை. "பத்துன்னு எழுதினா எட்டுப் போடுவான்டி. எட்டுல மூணு மாடி நிக்காது. ஒன்பது குடும்பம், எண்ணிப் பாரு, நாப்பது பேரு." டிகிரிக்கு அவர்கள் முப்பத்தாறு பேர் என்று தெரியும். ஆனால் அப்போது திருத்தத் தோன்றவில்லை.

நாலு நாள் பிளான் அப்படியே கிடந்தது. ஐந்தாம் நாள் ஒன்பது குடும்பங்களின் சார்பில் ஒருவர் கடைக்கு வந்தார். இரவு முழுக்க வண்டி கழுவிவிட்டு அப்படியே வந்திருந்தார், கால்சட்டை முழங்கால் வரை ஈரம். ஏழாவது படியில் இடித்துக்கொண்டார். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு, "என்னம்மா, எங்க வீட்டுல புகை வருதாம்ல? இன்னும் கட்டவே இல்லியே" என்றார்.

அத்தை சிரித்தாள். அவர் போன பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அன்று மதியம் கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்த டிகிரி மனத்தில் அடைத்து வைத்திருந்ததைக் கொட்டினாள். "எதிர்ல பாருங்க, கண்ணாடிக் கட்டடம். விதி வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி அனுமதி வாங்கிட்டாங்க. இத்தனை வருஷம் யாரையும் கேக்கல. கேக்க ஆரம்பிச்சதும் முதல்ல மாட்டறது பஸ் கழுவறவங்க. இந்த விதியைச் சரிபார்க்கத்தான் நான் படிச்சேனா அத்தை?"

அத்தை சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தாள். "கடைசியா ஏறினவங்ககிட்டதாண்டி கண்டக்டர் முதல்ல வருவான். அவங்கதான் படிக்கட்டுல நிக்கிறாங்க. அதுக்காக டிக்கெட்டே வேண்டாம்ங்கறியா? வண்டி ஒரு பக்கமா சாஞ்சு போய்க்கிட்டிருக்கு." ஒரு கவளம் வாயில் போட்டு மென்றாள். "மேஸ்திரிக்குப் போன் போடு."

மேஸ்திரி வந்தார். இருபத்தேழு வருஷமாக அத்தையின் பிளான்களைக் கட்டுகிறவர். பார்க்காமலே குனிந்து நுழைந்தார்.

"யோவ் மேஸ்திரி, என் பிளான்ல பன்னெண்டு கம்பின்னு இருந்தா நீ எத்தனை போடுவே?"

"பன்னெண்டுதாங்கா."

"என் மூஞ்சியப் பார்த்துச் சொல்லு."

மேஸ்திரி டிகிரியின் மூஞ்சியைப் பார்த்தார். பிறகு மின்விசிறியைப் பார்த்தார். "பத்து."

"ரெண்டை என்ன பண்ணினே? வித்துட்டியா?"

"அக்கா!" மேஸ்திரிக்கு நிஜமாகவே வலித்துவிட்டது. "ரெண்டை வாங்கவே மாட்டேன். வீட்டுக்காரங்ககிட்ட 'இது போதும்'னு சொல்லிடுவேன். நீங்க ரெண்டு கூட்டிப் போடறது ஊருக்கே தெரியும். உங்க மனசுல பத்துதானே? உங்க மனசுல இருக்கறதைத்தான் நான் கட்டறேன்."

"அப்ப எட்டுன்னு என்னைக்காவது போட்டிருக்கியா?"

"எட்டுப் போட்டா விழுந்துடும்க்கா. என்ன பேச்சுப் பேசறீங்க."

அத்தை கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தாள். டிகிரிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இந்த முறை தயங்காமல் சிரித்தாள். இருபத்தேழு வருஷமாக ஒருத்தி கூட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள், ஒருவர் கழித்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஊரில் பாதி வீடு இரண்டு பொய்களின் நடுவே நிமிர்ந்து நிற்கிறது.

"சரி, கேட்டுக்கோ" என்றாள் அத்தை. "இந்த வீட்டுக்குப் பத்துன்னே எழுதப் போறேன். பத்துன்னா பத்து. மூட்டை ஏழுன்னா ஏழு."

மேஸ்திரியின் முகத்தில் முதல்முறையாகப் பயம் தெரிந்தது. "புத்திக்குப் புரியுதுக்கா. கைக்குப் புரியணுமே. உங்க எழுத்தைப் பார்த்ததும் அது தானாக் கழிக்குது."

"கழிக்கிற கைக்குப் பக்கத்துல நான் நிக்கிறேன்" என்றாள் அத்தை. அன்றே பிளானைத் திருத்தினாள். ஒவ்வொரு பன்னிரண்டையும் பிளேடால் சுரண்டிப் பத்தாக்கும்போது, சொந்தப் பல்லைப் பிடுங்குகிறவள் மாதிரி முகத்தைச் சுளித்தாள்.

அத்தோடும் தீரவில்லை. மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவரில் இருந்த பூ வேலையை எடுத்தாள். படிக்கட்டுச் சுவருக்குப் பூச்சு வேண்டாம் என்றாள். கணக்கு முந்நூற்று இருபத்தெட்டில் வந்து நின்றது. அதற்குக் கீழே இறங்கவே மாட்டேன் என்றது. எட்டு கிலோ அதிகம். மாதக் கடைசிக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

கமா விதிப்புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். நூற்றுக்கு மூன்று வரை மீறினால் ஒரு வழி இருந்தது: பிளான் வரைந்தவர் தன் பெயரில் உறுதி எழுதிக் கொடுக்க வேண்டும். மீறிய அளவை ஐந்து வருஷத்துக்குள் தான் வரையும் வேறு கட்டடங்களில், வரம்புக்கும் கீழே, குறைத்துக் காட்ட வேண்டும். சதுர மீட்டருக்கு எட்டு கிலோ என்றால் ஐந்நூற்று நாற்பதுக்கு நாலாயிரத்து முந்நூற்று இருபது கிலோ.

"இது அந்த ஒன்பது குடும்பத்து மேல வராது. உங்க தலையிலதான் வரும்மா" என்றார் கமா. "தீரலைன்னா லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டாங்க. யோசிச்சுக்கோங்க."

"ரெண்டு நிமிஷம் யோசிக்கிறேன் சார்" என்றாள் அத்தை.

டிகிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள், இன்றைக்கு வேலை முடிந்தது என்று. ஆனால் அத்தை கவுண்டரில் சாய்ந்தபடி கூரையை ஒருமுறை பார்த்தாள், பேனாவைக் கேட்டு வாங்கினாள், கையெழுத்துப் போட்டாள். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. மறுநாள் மதியம் மூன்று மணிக்கு அனுமதி வந்தது. கமா அதிலும் ஒரு கமாவைத் திருத்தியிருந்தார்.

முதல் உத்திரத்துக்குக் கம்பி கட்டிய அன்று, டிகிரி மதிய இடைவேளையில் மனைக்குப் போனாள். ஜல்லி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அத்தை ஒரு காலிச் சிமெண்ட் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு கான்கிரீட் தாங்கும் சென்ட்ரிங் பலகை மேல் நின்று, ஒவ்வொரு கம்பியாகக் காலால் தட்டி எண்ணிக்கொண்டிருந்தாள். கடைசிக் கம்பிக்கு வந்ததும் நின்றாள். மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

"மேஸ்திரி."

"அக்கா."

"எட்டு."

மேஸ்திரி ஓடி வந்து எண்ணினார். எட்டுதான். அவர் அப்படியே பலகை மேல் உட்கார்ந்துவிட்டார். "சத்தியமா தெரியலக்கா. பத்துன்னு சொல்லிக்கிட்டேதான் கட்டினேன். கை பாட்டுக்கு..." அவர் கண் கலங்கியதை அன்றுதான் டிகிரி பார்த்தாள்.

அத்தை திட்டுவாள் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். அவள் மேஸ்திரி பக்கத்தில் உட்கார்ந்தாள். "நான் கெடுத்த கைய்யா அது" என்றாள். "எழுந்திரு. ரெண்டு பேருமா எண்ணுவோம். நீ ஒண்ணு சொல்லு, நான் ரெண்டு சொல்றேன்."

ஒன்று, இரண்டு, மூன்று என்று இரண்டு நரைத்த தலைகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி மாறி மாறிச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே பத்துக் கம்பியைக் கட்டி முடித்தார்கள். மூன்று மாடிக்கும் அப்படித்தான் கட்டினார்கள். வேலையாட்கள் அந்தக் கட்டடத்துக்கு 'வாய்ப்பாடு வீடு' என்று பெயர் வைத்தார்கள். மழை தொடங்கியபோது கூரை போட்டு முடித்துவிட்டிருந்தார்கள். கதவுக்கு வர்ணம் அடிக்கும் முன்பே ஒன்பது குடும்பங்களும் குடியேறிவிட்டன.

அதற்குப் பிறகு அத்தைக்கு வேறொரு வேலை பிடித்துக்கொண்டது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் கிலோ கேட்க ஆரம்பித்தாள். பழைய கிடங்கை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வந்த ஒருவரை, நாலு சுவரையும் வைத்துக்கொண்டு கூரையை மட்டும் மாற்றச் சம்மதிக்க வைத்தாள். அதில் ஆயிரத்துத் தொள்ளாயிரம் கிலோ கழிந்தது. ஒரு டாக்டர் வீட்டு வாசலில் வரவிருந்த சிமெண்ட் வளைவை, "இதுக்குள்ள நுழைஞ்சா நோயாளி பயந்து பாதி வழியிலயே குணமாகிடுவான் டாக்டர், உங்க தொழில் என்னாகறது?" என்று சொல்லி எடுக்க வைத்தாள். ஐந்நூற்று அறுபது. ஒரு பள்ளிக்கூடத்தின் சுற்றுச்சுவரில் செங்கல்லுக்கு ஒரு செங்கல் இடைவெளி விட்டு அடுக்கச் சொன்னாள். எழுநூற்று இருபது. ஒவ்வொன்றுக்கும் மூன்றாவது மாடிக்கு வந்து சீட்டு வாங்கிக்கொண்டு போனாள். டிகிரியை அந்தச் சீட்டைத் தொட விடமாட்டாள். "நீ என் அண்ணன் பொண்ணு. தள்ளி நில்லு" என்பாள்.

மூன்றாம் வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கடையில் உட்கார்ந்திருந்தவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். மருத்துவமனையில் இரண்டு நாள் இருந்தாள். வியாழக்கிழமை மதியம் போய்விட்டாள். அப்பா ஒரு வாரம் கேன் போடவில்லை.

காரியமெல்லாம் முடிந்து டிகிரி வேலைக்குத் திரும்பியபோது, உறுதிப் பதிவேடு அவள் மேஜைக்கு மாறி வந்திருந்தது. அத்தையின் பெயருக்கு எதிரே இப்படி இருந்தது: ஒப்புக்கொண்டது 4,320 கிலோ. குறைத்தது 3,180. மீதி 1,140.

மேஸ்திரி வந்தார். "அக்கா பேருல பாக்கி நிக்குதாமே? நான் கட்டிடறேன்மா. என் வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு ரூம் போடலாம்னு இருந்தேன். போடல. எழுதிக்கோ."

"கட்டாத வீட்டைக் கழிக்க முடியாது மேஸ்திரி."

"ஏன்? எல்லாத்தையும்விட அதுதானே குறைவு?"

அவள் விதிப்புத்தகத்தைப் புரட்டினாள். அதில் இதற்கு இடமில்லை. வேறு வரைவாளர் ஏற்றுக்கொள்ளலாமா என்றால், உறுதி கொடுத்தவரே கையெழுத்திட்டு மாற்ற வேண்டும் என்று இருந்தது. இறந்துபோனால் என்ன செய்வது என்று யாரும் எழுதி வைக்கவில்லை.

ஒருநாள் கமா அவள் மேஜைக்கு வந்து பதிவேட்டைத் திருப்பிப் பார்த்தார். "தள்ளுபடின்னு போட்டு நான் கையெழுத்துப் போட்டுடறேன்மா. யாரும் கேக்க மாட்டாங்க."

டிகிரி அந்த எண்ணின் மேல் விரலை வைத்தாள். "தள்ளுபடின்னு எழுதிட்டா அது காத்துலேருந்து இறங்கிடுமா சார்?"

கமா பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார்.

அப்படிச் சொன்னது நேர்மையா, இல்லை நடப்புப் பதிவேட்டில் அந்தப் பெயர் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்கிற ஆசையா என்று அவளால் இன்றுவரை பிரித்துச் சொல்ல முடியவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்ப்யூட்டர் தானாக ஒரு நினைவூட்டலை அச்சடித்து அத்தையின் கடை விலாசத்துக்கு அனுப்புகிறது. இப்போது அங்கே செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருப்பவர் அதை வாங்கிக்கொண்டு, ரோட்டைத் தாண்டி, மூன்று மாடி ஏறி வந்து கவுண்டரில் நீட்டுகிறார்.

"உங்க அத்தைக்கு வந்திருக்கும்மா."

டிகிரி வாங்கிப் பிரித்துப் பார்க்கிறாள். மீதி ஆயிரத்து நூற்று நாற்பது கிலோ. தேதி போட்டு, ஃபைலில் வைக்கிறாள்.